ஹூட்டு மக்களைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆப்பிரிக்காவின் ருவாண்டாவிலும் புருண்டியிலும் ஹூட்டு, டுட்சி, ட்வா என்று மூன்று பிரிவு மக்கள் வாழ்கிறார்கள். "ஹூட்டு என்றால் வேலைக்காரன்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. அந்த விளக்கம் அடியோடு பொய்யில்லை. பழைய ருவாண்டா அரசில் ஒருவர் இன்னொருவருக்குக் கீழ்ப்பட்டவர் என்று காட்ட இந்தச் சொல் புழங்கியது. தன்னை அண்டி வாழ்பவர் டுட்சியாகவே இருந்தாலும், 'என் ஹூட்டு' என்று எசமான் சொல்ல முடிந்தது. மாடும் செல்வாக்கும் சேர்ந்தால் ஒரு குடும்பம் ஹூட்டு நிலையிலிருந்து வெளியேறவும் வழி இருந்தது. அதற்கு 'க்விஹுதூரா' என்று பெயர். எல்லாருக்கும் வாய்த்ததில்லை, ஆனாலும் கதவு முழுக்க அடைபடவில்லை. வடக்கு மலைப்பகுதியில் பலர் தங்களை ஹூட்டு என்று சொல்லிக்கொள்ளவே இல்லை, பாகிகா என்றார்கள். ஆக, அந்தப் பெயர் ஒருவர் வாழ்ந்த நிலையைச் சொன்னது, பிறவிக் குணத்தை அல்ல. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மன்னர் ருவாபுகிரி காலத்தில், 'உபுரேத்வா' என்ற கூலியில்லா வேலை ஹூட்டு உழவர்கள் தலையில் விழுந்தது. ஹூட்டுக்கும் டுட்சிக்கும் இடையிலான கோடு இறுகத் தொடங்கியது அப்போதுதான்.

அடுத்த தவறு, ஹூட்டுவும் டுட்சியும் வெவ்வேறு மொழி பேசும் இரண்டு பழங்குடிகள் என்று எழுதுவது. ருவாண்டாவில் எல்லாருக்கும் கின்யாருவாண்டா, புருண்டியில் எல்லாருக்கும் கிருண்டி. ஒரே மலைச்சரிவில் அக்கம்பக்கத்து வீடுகள். அபாசிங்கா, அபாகெசேரா போன்ற குலங்களில் ஹூட்டு, டுட்சி, ட்வா மூவருமே உண்டு. குலத்தைக் குறித்த 'உபுவோகோ' என்ற சொல்லை எடுத்துத்தான், 1930களில் பெல்ஜிய நிர்வாகம் கொண்டுவந்த அடையாள அட்டைமுறை இனத்துக்குப் பெயராக்கியது. பிற்கால அட்டை ஒன்றைப் பார்த்தால் புரியும்: உபுவோகோ என்ற சொல்லுக்கு எதிரே ஹூட்டு, டுட்சி, ட்வா என்று வரிசையாக அச்சிட்டு, பொருந்தாதவற்றைப் பேனாவால் அடித்திருப்பார்கள். அப்பாவுக்கு என்னவோ அதுதான் பிள்ளைக்கும். 1994இல் ருவாண்டாவில் நடந்த இனப்படுகொலையின்போது சாலைத் தடுப்புகளில் கொலையாளிகள் கேட்டது இந்த அட்டையைத்தான்.

அப்புறம், மிகவும் வருத்தம் தரும் தவறு: ஹூட்டு என்றாலே கொலைகாரர் என்று நினைப்பது. 1994இல் நடந்தது டுட்சிகளுக்கு எதிரான இனப்படுகொலை. அதை நடத்தியவர்கள் ஹூட்டு தீவிரவாதிகள். இதில் மழுப்பவே கூடாது. 'இரு தரப்பு மோதல்' என்று எழுதுவதும் பெரிய தவறு. ஆனால் அந்த ஆண்டு ஏப்ரல் 7ஆம் தேதி கொல்லப்பட்ட ருவாண்டா பிரதமர் அகாதே உவிலிங்கியிமானா ஒரு ஹூட்டு. அன்று காலை அவர் வானொலியில் மக்களிடம் பேச இருந்தார்; அதற்குள் ராணுவத்தினர் கொன்றுவிட்டார்கள். அண்டை வீட்டு டுட்சிகளை ஒளித்துவைத்துக் காப்பாற்றிய ஹூட்டுகளும் இருந்தார்கள், அதற்காகவே உயிரை விட்டவர்களும் உண்டு.

புருண்டியின் கதையை ருவாண்டாவோடு கலக்கவும் கூடாது. அங்கே 1972இல் டுட்சிகள் கையிலிருந்த ராணுவம், ஹூட்டு கிளர்ச்சி ஒன்றுக்குப் பதிலடியாக, படித்த ஹூட்டுகளைத் தேடித் தேடிக் கொன்றது. ஆசிரியர்களும் மாணவர்களும்கூடத் தப்பவில்லை. 1993இல் தேர்தலில் வென்று நாட்டின் முதல் ஹூட்டு அதிபரான மெல்கியோர் இண்டடாயே சில மாதங்களிலேயே ராணுவத்தினரால் கொல்லப்பட்டார். இன்றைய நிலையும் வேறு வேறுதான்: ருவாண்டா அடையாள அட்டையில் இனம் என்ற வரியே இல்லை; புருண்டியின் 2005 அரசியல் சட்டமோ நாடாளுமன்றக் கீழவையில் ஹூட்டுகளுக்கு 60, டுட்சிகளுக்கு 40 சதவீதம் என்று வெளிப்படையாகவே பங்கிட்டது.