குழந்தை கை நீட்டுகிறதா? அந்த அடியின் சாயலைக் கவனியுங்கள்

மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தை அடிக்கத் தொடங்கினால், ‘இதெல்லாம் யாரைப் பார்த்துக் கத்துக்கிச்சோ’ என்று வீட்டில் அலுத்துக்கொள்வோம். அலுப்போடு விட்டுவிடாமல் அந்தக் கேள்விக்கு உண்மையாகவே பதில் தேடுங்கள். பெரும்பாலும் கிடைத்துவிடும்.

1961-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவும் அவருடன் பணியாற்றியவர்களும் 72 குழந்தைகளைச் சோதித்தார்கள். அவர்களில் 24 பேருக்கு முன்னால் ஒரு பெரியவர் காற்றடைத்த பொம்மையின் மேல் உட்கார்ந்து மூக்கில் குத்தினார், மரச்சுத்தியலால் அடித்தார், கூடவே சில சொற்களையும் கத்தினார். பிறகு வேறோர் அறையில் விளையாட விட்டபோது, அவர்களில் பலர் அதே சுத்தியலை எடுத்து அதே மாதிரி அடித்து அதே சொற்களைச் சொன்னார்கள். கோபத்தோடு அதன் வடிவமும் ஒட்டிக்கொள்கிறது. நமக்குத் துப்பு அந்த வடிவம்தான்.

ஒரு தாளில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரித்து ஏழு நாள் எழுதுங்கள்: அடிக்கு முன் நடந்தது, அடித்த விதம், அதன் பின் நடந்தது. நடுப் பத்தியில் ‘முரட்டுத்தனம்’ என்று எழுதினால் பயனில்லை. ‘சட்டையைப் பிடித்து உலுக்கினான், விரலை நீட்டி “தொலைச்சிடுவேன்” என்றான்’ என்று பார்த்ததைப் பார்த்தபடி எழுத வேண்டும். பசியா, தூக்க நேரமா என்பதையும் ஓரத்தில் குறியுங்கள். எல்லா அடியும் பார்த்துக் கற்றதல்ல. பேச்சு முழுதாக வராத பிள்ளைகள் சொல்ல முடியாமலும் அடிப்பார்கள்.

ஏழாம் நாள், நடுப் பத்தியில் திரும்பத் திரும்ப வரும் சைகையும் சொல்லும் யாருடையவை என்று பாருங்கள். முதல் சந்தேகம் செல்போன் மேல் விழும். அது நியாயமே: 1963-இல் நடந்த அடுத்த சோதனையில், திரையில் பார்த்த குழந்தைகளும் அப்படியே செய்தார்கள். ஆனால் தேடலை அங்கேயே நிறுத்தாதீர்கள். அண்ணன், வண்டி ஓட்டும்போது அப்பா கத்துவது எல்லாம் கணக்கில் வர வேண்டும். பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. குழந்தை தடுக்கி விழுந்ததும், ‘இந்தத் தரைதானே பாப்பாவை இடிச்சுது, அடி அடி’ என்று பாட்டி தரையை அடிப்பார். பாசத்தில் செய்வதுதான். ஆனால் வலித்தால் எதையாவது அடிக்க வேண்டும் என்று குழந்தை அதில் பார்த்துக்கொள்கிறது. அதற்குப் பதில் இடித்த இடத்தைத் தடவி, ‘வலிக்குதா கண்ணு’ என்றால் போதும்.

தாளின் மூன்றாம் பத்தியை நிதானமாகப் படியுங்கள். அடித்த பிறகு பொம்மை கைக்கு வந்ததா? யாராவது சிரித்தார்களா? 1965-இல் பண்டூரா காட்டிய படத்தில், அடித்தவருக்குத் தண்டனை கிடைப்பதைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அடித்தார்கள். ஆனால் ‘பார்த்ததைச் செய்து காட்டினால் பரிசு’ என்றதும் அவர்களும் மற்றவர்களுக்குச் சமமாகச் செய்து காட்டினார்கள். தண்டனை, கற்றதை அழிக்கவில்லை, மறைத்து வைத்தது. ‘அடிக்காதே’ என்று சொல்லியபடி நாமே ஓர் அடி வைப்பது பலிக்காததும் இதனால்தான். பெரியவன் சின்னவனை அடிக்கலாம் என்ற பாடத்தை அது இன்னொரு முறை காட்டுகிறது.

ஆகவே பார்க்க வேறொன்று கொடுங்கள். உங்களுக்குக் கோபம் வரும்போது குழந்தைக்குக் கேட்கும்படி சொல்லுங்கள்: ‘அம்மாவுக்குக் கோபம் வருது. தண்ணி குடிச்சிட்டு வந்து பேசுறேன்.’ சொன்னபடி செய்யவும் வேண்டும். சொற்களைத் தினமும் மாற்றாதீர்கள். மாறாத சிறிய வாக்கியமே மனதில் தங்கும். சண்டை இல்லாத நேரத்தில் ஐந்து நிமிடம், இரண்டு பொம்மைகளை வைத்து ‘எனக்கும் ஒரு தடவை குடு’ என்று கேட்டுப் பழக்குங்கள். பார்த்தது கைக்கு வரப் பயிற்சி வேண்டும். அப்படிக் கேட்டால் உடனே பலன் கிடைக்கட்டும், அடித்தால் கிடைக்க வேண்டாம். அடித்துப் பெற்றது நின்றுபோனதும் முதல் சில நாள் அடி கூடலாம். பலர் மனம் தளர்ந்து விட்டுக்கொடுப்பது அப்போதுதான். பொறுத்துக்கொள்ளுங்கள். ‘கோபம் தீரட்டும்’ என்று தலையணையை அடிக்கச் சொல்லாதீர்கள். அதுவும் அடிக்கும் பயிற்சியே.

அடியின் சாயல் வீட்டில் யாரிடமும் இல்லை, திரையிலும் இல்லை, குழந்தை திடீரென்று மாறியிருக்கிறது என்றால், பள்ளி, வேன், டியூஷன் என்று அது போகும் இடங்களை விசாரியுங்கள். யாராவது அதை அப்படி அடித்திருக்கலாம். சந்தேகம் வலுத்தால் இந்தியாவில் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைக்கலாம்.