வெட்டுத் தடம் இருந்தாலே நரமாமிசமா? தொல்மனித எலும்புகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குகையில் கிடைத்த மனித எலும்பில் கல் கத்தியின் தடம் தெரிகிறது. மறுநாளே "மனிதனை மனிதன் தின்றான்" என்று செய்தி வந்துவிடுகிறது. ஆனால் அந்தத் தடத்திலிருந்து தெரிவது ஒன்றுதான்: யாரோ கூரான கல்லால் எலும்பிலிருந்து சதையை அறுத்திருக்கிறார்கள். அறுத்த சதை வாய்க்குப் போனதா, மண்ணுக்குப் போனதா, பறவைகளுக்குப் போனதா என்பது அந்தத் தடத்தில் இல்லை. அதை வேறு சான்றுகளிலிருந்துதான் நிறுவ வேண்டும். பெரும்பாலான தவறுகள் இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பதால் வருகின்றன.

கீறலெல்லாம் வெட்டு என்று எடுத்துக்கொள்வது

கல் விளிம்பால் அறுத்த வெட்டு குறுகலாக, அடியில் கூம்பி, ஆப்பு இறங்கியது போல இருக்கும். அதற்குள் வெட்டின் திசையிலேயே ஓடும் மெல்லிய கோடுகள் நுண்ணோக்கியில் தெரியும். மணல் மேல் கிடந்த எலும்பை விலங்குகள் மிதித்தாலும் கீறல் விழும். அது ஆழமில்லாமல், அடி அகன்று, கண்ட திசையிலும் ஓடும். ஒரு கீறலை மட்டும் பார்த்தால் அனுபவசாலியும் ஏமாறுவார். அதனால் இடத்தைப் பார்க்க வேண்டும். தசை ஒட்டும் மேடுகளிலும் மூட்டைச் சுற்றியும் ஒரே திசையில் கூட்டமாக விழுந்திருந்தால் அது கை வேலை. அகழாய்வுக் கருவி பட்ட கீறல் என்றால், சுற்றியுள்ள எலும்பு பழுப்பேறியிருக்க, கீறலின் உள்பக்கம் மட்டும் வெளிறியிருக்கும்.

விலங்குகளின் பல்லையும் மறக்கக் கூடாது. கழுதைப்புலி நீளெலும்பின் இரு முனைகளையும் மென்றுவிட்டு நடுக்குழாயை விட்டுப்போகும். இத்தாலியின் மொன்தே சிர்ச்சேயோவில் உள்ள குவாத்தாரி குகையில் 1939இல் ஒரு நியாண்டர்தால் (அழிந்துபோன தொல்மனித இனம்) மண்டையோடு கிடைத்தது. அடிப்பக்கத் துளை பெரிதாக்கப்பட்டிருந்தது, சுற்றிலும் கற்கள் வட்டமாகக் கிடந்தன. மூளையை எடுத்துத் தின்ற சடங்கு என்று அரை நூற்றாண்டு காலம் சொல்லப்பட்டது. 1991இல் வெளியான மறு ஆய்வுகளில் மண்டையோட்டில் வெட்டுத் தடமே இல்லை என்றும், அந்தக் குகை கழுதைப்புலிகளின் வளை என்றும் தெரிந்தது.

உடைந்த எலும்பு என்றால் மஜ்ஜைக்காக உடைத்தது என்பது

பச்சை எலும்பு உடைந்தால் விளிம்பு வளைந்து சுருளாக ஓடும், முறிந்த முகம் வழவழப்பாக இருக்கும், மேற்பரப்போடு சாய்கோணத்தில் சேரும். உலர்ந்த எலும்பு குறுக்கேயோ நெடுக்கேயோ சொரசொரப்பாக, கிட்டத்தட்ட நேர்கோணத்தில் முறியும். மஜ்ஜைக்காக உடைத்ததென்றால் இன்னும் மூன்று அடையாளங்களைத் தேடுங்கள்: கல் மோதிய குழி, அந்த இடத்தின் உட்பக்கத்தில் பெயர்ந்த சில்லின் வடு, எதிர்ப்பக்கத்தில், அடியில் வைத்த கல்லில் உரசிய கீறல். எலும்பின் பச்சைத்தன்மை இறந்தவுடன் போய்விடுவதில்லை. குளிர்ந்த ஈரமான இடத்தில் மாதக்கணக்கில் நிற்கும். ஆகவே பச்சையாக உடைந்தது என்பதை வைத்து, கொன்ற அன்றே உடைத்தார்கள் என்று சொல்ல முடியாது.

சதை நீக்கிய அடக்கத்தை மறப்பது

இதுதான் மிகப் பெரிய தவறு. உடலைச் சிதையவிட்டு, மிச்சச் சதையைச் சுரண்டி, எலும்பை மட்டும் அடக்கம் செய்யும் வழக்கம் உலகின் பல பகுதிகளில் இருந்திருக்கிறது. எலும்புகளை மட்டும் பொறுக்கி வைத்த தாழிகளைப் பற்றி நம் வாசகர்கள் அறிந்திருப்பார்கள். அந்த வேலையும் எலும்பில் கல் தடத்தை விட்டுச் செல்லும்.

குரோவேஷியாவின் கிராப்பினாவில் 1899 முதல் தோண்டியெடுத்த நியாண்டர்தால் எலும்புகள் நரமாமிசத்துக்கு முதல் சான்றாகப் பேசப்பட்டன. மேரி ரஸ்ஸல் என்ற ஆய்வாளர் 1980களில் அந்த வெட்டுகள் விழுந்த இடங்களை இரண்டு தொகுப்புகளோடு ஒப்பிட்டார். ஒன்று நியாண்டர்தால்கள் இறைச்சிக்காக அறுத்த கலைமான் எலும்புகள், மற்றொன்று வட அமெரிக்கப் பழங்குடிகள் சதை நீக்கி அடக்கம் செய்த எலும்புகள். கிராப்பினா இரண்டாவதோடுதான் ஒத்துப்போனது. எலும்புகள் நொறுங்கியதற்குக் கூரைப் பாறை விழுந்ததும் மண் அழுத்தமும் போதும் என்றும் அவர் காட்டினார். அங்கேயே ஒரு மண்டையோட்டின் நெற்றியில் ஏறக்குறைய இணையாக 35 சிறு வெட்டுகள் வரிசையாக இருக்கின்றன. சதை அறுப்பவர் அப்படி வரிசை போட வேண்டிய தேவையே இல்லை.

பிறகு எதை வைத்துத்தான் முடிவு செய்வது? அதே அடுக்கில் கிடக்கும் விலங்கு எலும்பை வைத்து. பிரான்சின் மூலா-கெர்சி குகையில் குறைந்தது ஆறு நியாண்டர்தால்களின் எலும்புகள் மான் எலும்புகளோடு கலந்து கிடந்தன. இரண்டிலும் மூட்டைப் பிரித்த விதம், சதை அறுத்த இடம், அடித்து உடைத்த முறை எல்லாம் ஒன்றே. மஜ்ஜையுள்ள எலும்புகளும் மண்டையோடும் உடைக்கப்பட்டிருந்தன. மஜ்ஜை இல்லாத கை, கால் சிற்றெலும்புகள் முழுசாக விடப்பட்டிருந்தன. அடக்கம் செய்பவர் மஜ்ஜையைப் பார்த்து எலும்பைத் தேர்ந்தெடுக்க மாட்டார். 1999இல் வெளியான இந்த ஆய்வு இன்றும் உறுதியாக நிற்பதற்கு இந்த ஒப்பீடுதான் காரணம்.

இந்த ஒப்பீட்டைக் கெடுப்பது பெரும்பாலும் அருங்காட்சியக அலமாரிதான். மனித எலும்பு ஒரு பெட்டிக்கும் விலங்கு எலும்பு வேறொரு பெட்டிக்கும் போய்விட்டால், இரண்டையும் ஒரே ஆள், ஒரே அளவுகோலில் எண்ணுவதே இல்லை. பெல்ஜியத்தின் கோயே குகையில் 19ஆம் நூற்றாண்டில் தோண்டியெடுத்த எலும்புகளில் பல நியாண்டர்தால் துண்டுகள் விலங்கு எலும்புகளோடு கலந்து கிடந்ததை, 2016இல் வெளியான ஆய்வுதான் காட்டியது. அவற்றில் சிலவற்றைக் கல் கருவிகளின் விளிம்பைத் தீட்டவும் பயன்படுத்தியிருந்தார்கள். பழைய தொகுப்பைக் கையில் எடுத்தால் முதலில் விலங்கு எலும்புப் பெட்டியைத் திறங்கள்.

கருகியதை சமைத்தது என்பது

சதை மூடிய எலும்பு சுடும்போது அவ்வளவாகக் கருகாது, வெளியே நீட்டிய முனைகள்தான் கருகும். முழுக்க வெளுத்துச் சாம்பலாகும் அளவு வெந்த எலும்பு சமையலைக் காட்டுவதில்லை. மண்ணில் சில சென்டிமீட்டர் ஆழத்தில் கிடக்கும் பழைய எலும்பும் மேலே பின்னாளில் மூட்டிய நெருப்பால் கருகும். பானையில் வேகவைத்தால் எலும்பு முனைகள் பானையின் உட்புறத்தில் உரசி மழுங்கி மின்னும். அமெரிக்கத் தென்மேற்கில் மான்கோஸ் என்ற இடத்தில் கிடைத்த மனித எலும்புகளில் ஆய்வாளர் டிம் வைட் இதைக் கண்டு, பழைய பானையின் நகலில் மான் எலும்பை வேகவைத்தும் சரிபார்த்தார். மண்பானையே இல்லாத நியாண்டர்தால் காலத்தில் இந்த அடையாளத்தைத் தேடிப் பயனில்லை.

பசியா, சடங்கா என்று உடனே முடிவு கட்டுவது

தின்றது நிரூபணமானாலும் ஏன் என்பது தனிக் கேள்வி. ஸ்பெயினின் எல் சித்ரோன் நியாண்டர்தால்களின் பல் எனாமலில் வளர்ச்சி தடைபட்ட கோடுகள் உண்டு. அவை சிறுவயதில் பட்ட துன்பத்தின் தடம், இறந்த நாளின் பசிக்கு அவை சாட்சி இல்லை. கலோரிக் கணக்கும் தனியாக நிற்காது. 2017இல் ஆய்வாளர் ஜேம்ஸ் கோல் போட்ட கணக்கில் ஒரு மனிதரின் தசை சுமார் 32,000 கலோரி, ஒரு குதிரை சுமார் 2,00,000. மனிதனை வேட்டையாடுவது லாபமில்லை என்பதற்கு இது சரியான வாதம். ஏற்கெனவே இறந்து கிடந்தவருக்கு அது பொருந்தாது.

சடங்கு என்று சொல்லவும் தனிச் சான்று வேண்டும். இங்கிலாந்தின் காஃப் குகையில், சுமார் 14,700 ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்கில், மனிதப் பல் மென்ற தடங்கள் இருக்கின்றன. மண்டையோடுகளை விளிம்பு தட்டிக் கிண்ணமாக்கியிருக்கிறார்கள். ஒரு முன்கை எலும்பில், சதை அறுத்த பிறகும் மஜ்ஜைக்காக உடைக்கும் முன்பும் கோணல்மாணலாகக் கோடு செதுக்கியிருக்கிறார்கள். வேலைகளின் இந்த வரிசை எலும்பிலேயே பதிந்திருப்பதால்தான் அங்கே சடங்கு என்ற பேச்சுக்கு இடம் உண்டு.

அறிக்கையில் எழுதும் சொல்

கென்யாவின் துர்க்கானா பகுதியில் கிடைத்த 14.5 லட்சம் ஆண்டுப் பழமையான ஒரு கணைக்கால் எலும்பில் (முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட எலும்பு) 11 தடங்கள். ஒன்பது கல் வெட்டுகள், இரண்டு சிங்கம் போன்ற விலங்கின் பல் தடங்கள். வெட்டுகள் கெண்டைத் தசை ஒட்டும் இடத்தில், ஒரே திசையில் இருக்கின்றன. சதையைத் தின்ன எடுத்ததாகவே தெரிகிறது. ஆனால் எலும்புக்குரியவர் எந்த இனம், அறுத்தவர் எந்த இனம் என்று தெரியாததால், 2023இல் அதை வெளியிட்டவர்கள் தன்னினம் உண்டதற்கான சான்று என்று உறுதியாக எழுதவில்லை. உங்கள் குறிப்பிலும் அப்படியே பிரித்து எழுதுங்கள்: கல்லால் வெட்டப்பட்டது, சதை நீக்கப்பட்டது, மஜ்ஜைக்காக உடைக்கப்பட்டது, தின்னப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் எத்தனை துண்டில், எந்த எலும்பில், எந்த இடத்தில் சான்று இருக்கிறது என்று தனித்தனியாகக் கணக்குக் கொடுங்கள். சான்று எந்தச் சொல்லோடு முடிகிறதோ அதற்கு மேல் அடுத்த சொல்லை எழுத வேண்டாம்.