குழந்தைகளுக்குச் சொல்வகைகளைக் கற்பிக்கும் முறை: வரையறைக்கு முன் கேள்வி

“செயலைக் குறிக்கும் சொல் வினைச்சொல்” என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, ‘ஓட்டம்’ என்பது என்ன சொல் என்று மூன்றாம் வகுப்புக் குழந்தையிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ‘வினைச்சொல்’ என்றே விடை வரும். ஓட்டம் ஒரு செயல்தானே! குழந்தை தவறு செய்யவில்லை. நாம் கொடுத்த வரையறையைப் பிசகாமல் பின்பற்றியிருக்கிறது. ‘ஓட்டம்’ பெயர்ச்சொல் என்று நாம் திருத்தும்போது, இலக்கணம் என்பது ஆசிரியர் சொல்வதை மனப்பாடம் செய்ய வேண்டிய ஒன்று என்ற எண்ணம் அந்தக் குழந்தையின் மனத்தில் விழுந்துவிடுகிறது. அந்த எண்ணம் விழாமல் பெயர், வினை, இடை, உரி ஆகிய நான்கையும் கற்பிக்கும் வழியைக் கீழே படிப்படியாகத் தருகிறேன். புதிதாக ஆசிரியப் பணிக்கு வந்தவர்களையும், வீட்டில் பாடம் சொல்லித் தரும் பெற்றோரையும் மனத்தில் வைத்து எழுதியது இது. தடித்த காகித அட்டைகளும் இரண்டு நிறச் சுண்ணக்கட்டிகளும் இருந்தால் போதும்.

முதல் படி: தொடரிலிருந்து தொடங்குதல்

தனிச் சொற்களைப் பட்டியலிட்டுத் தொடங்க வேண்டாம். ‘சிறுமி பந்தை எறிந்தாள்’ என்று ஒரு தொடரை எழுதி, ‘யார் எறிந்தாள்?’, ‘எதை எறிந்தாள்?’, ‘சிறுமி என்ன செய்தாள்?’ என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ‘யார்’, ‘எது’, ‘எதை’ என்ற கேள்விகளுக்கு வரும் விடையின் கீழ் ஒரு நிறத்திலும், ‘என்ன செய்தாள்’ என்பதற்கு வரும் விடையின் கீழ் வேறொரு நிறத்திலும் கோடிடச் சொல்லுங்கள். பத்துத் தொடர்களுக்கு இவ்வாறு செய்த பிறகே பெயர்ச்சொல், வினைச்சொல் என்ற பெயர்களை அறிமுகப்படுத்துங்கள்.

இங்கே ஒரு கவனம் தேவை. ‘இது மரம்’, ‘அவன் மாணவன்’ போன்ற தொடர்கள் பெயர்ச்சொல்லிலேயே முடிகின்றன. அவற்றில் வினைச்சொல் இல்லை. தொடக்க நாட்களில் இவற்றைக் கொடுத்தால், இல்லாத வினையைக் குழந்தை தேடிக் களைத்துப்போகும். அடிப்படை உறுதியான பின் ‘இந்தத் தொடரில் வினைச்சொல் உண்டா?’ என்று புதிராகக் கொடுக்கலாம்.

இரண்டாம் படி: இரண்டு சோதனைகள்

முழுப் பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஆகவே இதற்கு மட்டும் இரண்டு மூன்று வகுப்புகளை ஒதுக்கத் தயங்காதீர்கள். வினை என்பது வேற்றுமை ஏற்காது (அதாவது ‘ஐ’, ‘ஆல்’, ‘கு’ போன்ற உருபுகள் அதனோடு சேரா), காலத்தோடு தோன்றும் என்று தொல்காப்பியம் சொல்கிறது. பொருளைக் கொண்டு தடுமாறாமல், சொல்லின் நடத்தையைக் கொண்டே அதன் வகையை அறியலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டல் இல்லை. இதையே குழந்தைகளின் மொழியில் இரண்டு சோதனைகளாக மாற்றிக்கொள்ளலாம்.

முதல் சோதனை ‘ஐ’ சோதனை. ஒரு சொல்லோடு ‘ஐ’ சேர்த்து, ‘பார்த்தேன்’ என்றோ ‘விரும்புகிறேன்’ என்றோ முடித்துச் சொல்லிப் பார்க்க வேண்டும். மரம் என்பது மரத்தை ஆகிறது; அவள் என்பது அவளை ஆகிறது; ஓட்டம் என்பது ஓட்டத்தை ஆகிறது. ‘ஓட்டத்தைப் பார்த்தேன்’ இயல்பாக ஒலிக்கிறது, ஆகவே அது பெயர். ‘ஓடுகிறாள்’ என்பதோடு ‘ஐ’ சேர்த்துச் சொல்ல முயலும் குழந்தை தானே சிரித்துவிடும். ‘நான்’ என்ற சொல்லையும் தவறாமல் கொடுங்கள். அது ‘நானை’ ஆகாமல் ‘என்னை’ என்று உருமாறுவதைக் குழந்தைகள் வியப்போடு கண்டுபிடிப்பார்கள். அவர்கள் நாள்தோறும் பேசுவதுதான், கவனித்ததுதான் இல்லை.

இரண்டாவது காலச் சோதனை. நேற்று, இப்போது, நாளை என்று மூன்று அட்டைகளை வரிசையாக வைத்து, ஒரே சொல்லை மூன்றுக்கும் ஏற்ப மாற்றச் சொல்லுங்கள். நேற்று ஓடினாள், இப்போது ஓடுகிறாள், நாளை ஓடுவாள் என்று காலத்துக்கேற்ப உருமாறுவது வினை. ‘ஓடுதல்’ நேற்றும் ஓடுதல்தான், நாளையும் ஓடுதல்தான். ஓடி, ஓடிய போன்ற எச்சங்களை இந்த வயதில் எடுக்காதீர்கள். முடிந்து நிற்கும் வினைகளே போதும்.

மூன்றாம் படி: பெயரின் ஆறு வகைகள்

பொருள், இடம், காலம், சினை, பண்பு, தொழில் என்ற ஆறையும் ஒரே நாளில் சொல்லி முடிக்கும் வழக்கம் நல்லதன்று. தொட்டுக் காட்டக்கூடிய பொருட்பெயரையும் சினைப்பெயரையும் முதலில் எடுங்கள். நாற்காலி பொருள், அதன் கால் சினை; மரம் பொருள், அதன் இலை சினை. முழுமைக்கும் உறுப்புக்கும் உள்ள உறவைக் கண்ணால் பார்த்தபின் சினை என்ற சொல் அந்நியமாகத் தோன்றாது. அடுத்து ‘எங்கே?’ என்பதற்கு இடப்பெயரும், ‘எப்போது?’ என்பதற்குக் காலப்பெயரும் எளிதாக வந்துவிடும். இனிமை, நீலம், வட்டம் போன்ற பண்புப்பெயர்களும், படித்தல், ஆட்டம் போன்ற தொழிற்பெயர்களும் தொட முடியாதவை. ‘ஐ’ சோதனை கைவந்த குழந்தைக்கு மட்டுமே இவை பெயர்கள் என்பது உண்மையாக விளங்கும்.

நான்காம் படி: இடைச்சொல்லின் வேலை

‘பூனை’, ‘எலி’, ‘துரத்தியது’ என்ற மூன்று அட்டைகளை வரிசையாக வைத்து, யார் யாரைத் துரத்தியது என்று கேளுங்கள். ‘பூனைதான்’ என்று சிலர் சொல்வார்கள்; ‘எலி துரத்தியது என்று எழுதியிருக்கிறதே’ என்று ஒரு குழந்தையாவது சொல்லும். இப்போது ‘ஐ’ என்ற சிறிய அட்டையை எலியின் பக்கத்தில் வைத்து, ‘பூனை எலியைத் துரத்தியது’ என்று எழுதுங்கள். பிறகு அதே அட்டையைப் பூனையின் பக்கம் நகர்த்துங்கள், கதையே தலைகீழாகிறது. இன்னொரு முறை ‘எலியைப் பூனை துரத்தியது’ என்று இடம் மாற்றிக் காட்டினால், சொற்கள் இடம் மாறியும் பொருள் மாறாததைக் குழந்தைகள் காண்பார்கள். தமிழில் யார் செய்தார், யாருக்கு நேர்ந்தது என்பதைச் சொற்களின் வரிசையைவிட அந்தச் சிறிய உருபே உறுதி செய்கிறது. ஆங்கில வகுப்பில் எட்டுச் சொல்வகைகளைப் படிக்கும் குழந்தைகள் அவற்றைத் தமிழின் நான்கோடு ஒன்றுக்கு ஒன்று பொருத்தப் பார்ப்பார்கள். அந்தப் பொருத்தம் அமையாது என்பதை இந்த இடத்தில் சொல்லிவிடுவது நல்லது.

அடுத்து, ‘தங்கை வந்தாள்’, ‘தங்கையும் வந்தாள்’, ‘தங்கையே வந்தாள்’, ‘தங்கையா வந்தாள்?’ என்ற நான்கையும் குரலின் ஏற்ற இறக்கத்தோடு படியுங்கள். ‘தங்கையும் வந்தாள்’ என்றால் வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று குழந்தைகளே சொல்வார்கள். அந்தச் செய்தியைக் கொண்டுவந்தது எது என்று கேட்டு, ‘உம்’ என்பதை அவர்கள் வாயாலேயே வரவழையுங்கள். இடைச்சொல் தனித்து நின்று பொருள் தராது, பெயரையோ வினையையோ சார்ந்து நின்றே வேலை செய்யும் என்பதை இதற்குப் பிறகு ஒரே வரியில் சொன்னால் போதும்.

ஐந்தாம் படி: உரிச்சொல்லும் அடைகளும்

இங்கே பலரும் ஒரு பிழை செய்கிறார்கள்: ‘அழகான பூ’, ‘நல்ல பையன்’ என்பவற்றில் வரும் அடைகளை உரிச்சொல் என்று கற்பிக்கிறார்கள். ‘நல்ல’, ‘பெரிய’ போன்றவற்றை மரபிலக்கணம் குறிப்புப் பெயரெச்சம் என்று வினையின் பக்கம் வைக்கிறது. இக்கால இலக்கணம் பெயரடை என்கிறது. உரிச்சொல் என்பது சால, உறு, தவ, நனி, கூர், கழி (இவை ஆறும் ‘மிகுதி’ என்ற பொருள் தருபவை) போன்று பெரும்பாலும் செய்யுளில் வழங்கும் சொற்களைக் குறிக்கும். தொடக்கப் பள்ளியில் ‘மாநகரம்’, ‘சாலச் சிறந்தது’ என்ற இரண்டு எடுத்துக்காட்டுகளோடு நிறுத்திக்கொள்வதே என் விருப்பம். ‘எப்படிப்பட்ட பூ?’ என்பதற்கு ‘அழகான’, ‘எப்படி ஓடினாள்?’ என்பதற்கு ‘வேகமாக’ என்று பெயரடையையும் வினையடையையும் கேள்விகளின் வழியே தனியாகப் பழக்குங்கள்.

ஆறாம் படி: அறிந்துகொண்டார்களா என்று பார்த்தல்

பட்டியலைக் கொடுத்து வகைப்படுத்தச் சொல்வதால் நினைவாற்றல்தான் தெரியவரும். ஒரே சொல்லை இரண்டு இடங்களில் வைத்துக் கொடுங்கள். ‘ஆடு புல்லை மேய்ந்தது’, ‘ஊஞ்சலில் ஆடு’. ‘படியில் ஏறினாள்’, ‘பாடத்தைப் படி’. முதலில் உள்ள ஆடு ‘ஆட்டை’ ஆகிறது. இரண்டாவது ‘ஆடினாள், ஆடுவாள்’ என்று காலம் காட்டுகிறது. ‘மாலை வாடியது’, ‘மாலை வந்தது’ என்பவற்றில் இரண்டும் பெயர்தான், ஆனால் ஒன்று பொருட்பெயர், மற்றது காலப்பெயர். விடை சரியா தவறா என்று உடனே சொல்லிவிடாமல், ‘எந்தச் சோதனையைச் செய்தாய், செய்து காட்டு’ என்று கேளுங்கள். தவறான விடை சொன்ன குழந்தை, சோதனையைச் சத்தமாகச் செய்து காட்டும்போதே தன் பிழையைக் கண்டுகொள்ளக்கூடும். அப்போதும் தடுமாறினால் இரண்டாம் படிக்கே திரும்பிப் போய், வேறு பத்துச் சொற்களை வைத்து மீண்டும் பழக்குங்கள்.