கொள்கையோடு தொழில் நடத்த விரும்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவிரிப் படுகையில் அரிசி ஆலை, உரக்கடை, பட்டு ஜவுளிக்கடை, பாத்திரக்கடை போன்ற குடும்பத் தொழில்களை ஏற்று நடத்த வரும் இளைய தலைமுறையினர் பலர், தாம் சரியென்று நம்புவதை விட்டுக்கொடுக்காமல் தொழில் செய்ய வேண்டும் என்ற உண்மையான விருப்பத்தோடுதான் வருகிறார்கள். சில ஆண்டுகளில் அந்த விருப்பம் முதலாளியின் பேச்சில் மட்டும் எஞ்சி, விவசாயிக்கும் தொழிலாளிக்கும் வாடிக்கையாளருக்கும் அதனால் எந்தப் பயனும் இல்லாமல் போவது உண்டு. பேராசை வந்துவிட்டது என்று காரணம் சொல்லிவிடுவது எளிது. ஆனால் தொடக்கத்திலேயே மனத்தில் படிந்துவிடும் சில பிழையான எண்ணங்களே பெரும்பாலும் இதற்குக் காரணம் என்பது என் கருத்து.

தம்முடைய நல்ல குணமே போதும் என்று நினைப்பது இவற்றுள் முதன்மையானது. இரக்க குணம் படைத்த ஒருவர் நடத்தும் அரிசி ஆலையை எடுத்துக்கொள்வோம். சம்பா அறுவடைக் காலத்தில் ஈரம் காயாத நெல் வண்டி வண்டியாக வந்து இறங்கும்போது எடை மேடையில் நிற்பவர் அந்த முதலாளி அல்லர். கணக்கரோ எடை போடும் தொழிலாளியோதான் அங்கே இருப்பார். ஈரப்பதத்துக்கு எவ்வளவு கழிப்பது, சாக்கின் எடைக்கு எவ்வளவு, பதருக்கு எவ்வளவு என்பதையெல்லாம் அவரே அந்த நேரத்தில் முடிவு செய்கிறார். அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் ஈரப்பதத்துக்கு 17 சதவீதம் என்ற பொது வரம்பு இருக்கிறது. மழை மிகுந்த பருவங்களில் மத்திய அரசு அதைத் தளர்த்துவதும் உண்டு. தனியார் ஆலையில் இப்படி எதுவும் எழுதி வைக்கப்படவில்லையென்றால், தெரிந்தவருக்கு ஒரு கழிவும் தெரியாதவருக்கு வேறொரு கழிவும் என்று ஆகிவிடுகிறது; குத்தகைக்குப் பயிரிட்டு, வண்டி வாடகை கொடுத்து நெல்லைக் கொண்டுவந்த சிறு விவசாயி அதைத் திருப்பி எடுத்துச் செல்லவும் முடியாமல் சொன்ன விலைக்கு ஒப்புக்கொள்கிறார். முதலாளி நல்லவர் என்பது அவருக்கு எந்த விதத்திலும் உதவவில்லை. ஆகவே, கழிவின் அளவை அறுவடை தொடங்கும் முன்பே தீர்மானித்து எடை மேடைக்கு எதிரே எழுதி வைப்பதும், ஈரப்பதம் காட்டும் கருவியின் அளவை விற்பவரும் பார்க்கும்படி செய்வதும், முதலாளியின் உறவினர் நெல்லுக்கும் அதே கணக்கைப் போடுவதும்தான் கொள்கை எனப்படும். முதலாளி ஊரில் இல்லாத நாளிலும் அது நடக்க வேண்டும்.

இதற்கு நெருங்கிய இன்னொரு தவறு, கொடுக்கல் வாங்கலில் உள்ள குறையைக் கொடையால் ஈடுகட்டலாம் என்று எண்ணுவது. கோயில் நிறைந்த இந்தப் பகுதியில் குடமுழுக்குக்கும் அன்னதானத்துக்கும் அள்ளிக் கொடுப்பவர்களுக்குக் குறைவில்லை. அந்தக் கொடையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நாச்சியார்கோயில் பட்டறையில் வார்த்த குத்துவிளக்குகளை வாங்கி விற்றுப் பணமாக்கிய பிறகும், பட்டறைக்காரரை மாதக்கணக்கில் நடக்கவிட்டு, அந்த இடைவெளியில் அவருடைய பணத்தைத் தம் முதலாகச் சுழற்றிக்கொள்ளும் ஒருவர் திருவிழாவுக்குத் தரும் நன்கொடையில் ஒரு பகுதி உண்மையில் பட்டறைக்காரருடையது. குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006-இன்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்திடமிருந்து பொருளை ஏற்றுக்கொண்டவர், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களைத் தாண்டித் தவணை கேட்க முடியாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி சேரும். கொள்கையுள்ளவர் என்று பெயரெடுக்க விரும்புபவர் முதலில் இந்தச் சட்ட அளவையாவது எட்டிவிட்டுப் பிறகு கொடையைப் பற்றி யோசிக்கலாம். பெரிய நிறுவனங்களுக்கு 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம் விதிக்கும் 2 சதவீதச் சமூகப் பொறுப்புச் செலவும் லாபத்தில் ஒரு பகுதியை எதற்குச் செலவிடுவது என்பதைத்தான் சொல்கிறது. அந்த லாபம் எப்படி வந்தது என்ற கேள்விக்கு அது விடையாகாது.

ஊரில் உள்ள நல்ல பெயரையே நேர்மைக்குச் சான்றாகக் கொள்வதும் ஆபத்தானது. சென்னையில் பெரும் மதிப்போடு விளங்கிய அர்பத்நாட் என்ற வணிக, வங்கி நிறுவனம் 1906 அக்டோபரில் முறிந்தபோது, அந்தப் பெயரை நம்பிச் சேமிப்பைப் போட்டிருந்த ஏராளமான குடும்பங்கள் பணத்தை இழந்தன. அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைத் தண்டனை பெற்றார். அந்த முறிவுக்குப் பிறகு 1907-இல் இந்தியன் வங்கி உருவாக முன்னின்றவர், திருவிடைமருதூரில் பிறந்த வழக்கறிஞர் வி. கிருஷ்ணசுவாமி ஐயர். மதிப்புள்ள குடும்பம் என்பதால் யாரும் கணக்குக் கேட்பதில்லை என்ற நிலை வந்துவிட்டால் அதைப் பெருமையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சம்பளம் போய்விடுமோ என்று அஞ்சாத, உறவுக்கும் கட்டுப்படாத ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது கணக்கைப் பார்த்துக் கேள்வி கேட்கும் ஏற்பாட்டை முதலாளியே செய்துகொள்ள வேண்டும்.

அடுத்தது, பலரும் பேசத் தயங்கும் தவறு. குடும்பத்தில் பழகிய வழக்கங்களையெல்லாம் கொள்கை என்று எண்ணிக்கொண்டு, நம்பிக்கையான ஆள் என்ற பெயரில் தம் சாதியினரையே கல்லாவிலும் கணக்கிலும் அமர்த்துவதும், மற்றவர்களைச் சுமை தூக்கும் வேலையிலேயே நிறுத்திவிடுவதும், தம் வீட்டு உணவுப் பழக்கத்தைத் தொழிலாளியின் சாப்பாட்டு டப்பா வரைக்கும் கொண்டுபோவதும் இன்றும் நடக்கின்றன. அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டு விவசாயத் தொழிலாளர்கள் நடத்திய போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1968 டிசம்பர் 25 இரவில் தலித் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். இந்த மண்ணில் ஆட்களை வைத்து வேலை வாங்கும் எவரும் அதை மறந்துவிட்டுக் கொள்கை பேச முடியாது. ஒரு வழக்கம் தொழிலாளியின் மானத்தையோ உயர்வையோ தடுக்கிறதென்றால், அது தாத்தா காலத்திலிருந்து வந்தது என்பதற்காக அதற்கு மதிப்பு வந்துவிடாது. கணக்கு வேலைக்கு யாரைச் சேர்ப்பது என்பதை வெளிப்படையான தேர்வு ஒன்றின் மூலம் முடிவு செய்து பார்த்தால், நம்பிக்கை என்ற சொல்லுக்குள் இதுவரை எது ஒளிந்திருந்தது என்பது முதலாளிக்கே விளங்கும்.

பணக் கையிருப்பு இல்லாமல் நேர்மையைக் காப்பாற்றிவிடலாம் என்று நம்புவதும் தவறுதான். படுகையில் தொழில் நடத்துபவரின் வரவும் செலவும் தண்ணீரைச் சார்ந்தவை. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறக்கப்பட வேண்டும். 2024-இல் ஜூலை 28-இல்தான் திறக்கப்பட்டது. இப்படித் தண்ணீர் தள்ளிப்போகும் ஆண்டில் குறுவை குறைந்து, உரக்கடையின் கடன் பாக்கி நிலுவையில் நின்று, ஆலைக்கு நெல் வரத்தும் தாமதப்படும். அப்போது புதிய கட்டடத்துக்கும் வாகனத்துக்கும் கழுத்துவரை கடன் வாங்கியிருப்பவர், வங்கித் தவணையைக் கட்டுவதற்காக முதலில் தள்ளிப்போடுவது தொழிலாளியின் கூலியையும் விவசாயியின் பணத்தையும்தான், ஏனென்றால் அவர்கள் இருவரும் நோட்டீஸ் அனுப்பப்போவதில்லை. ஒரு பருவம் முழுவதும் விளைச்சல் பொய்த்தாலும் கூலி நிற்காத அளவுக்குத் தனிக் கணக்கில் பணம் ஒதுக்கிய பிறகே விரிவாக்கத்துக்குக் கடன் வாங்குவது என்று முடிவு செய்வது, என் பார்வையில், எந்த நற்சொல்லையும்விடப் பயனுள்ளது.

வெளியூரில் நெய்த சேலையைத் திருபுவனம் பட்டு என்று சொல்லி விற்பது போன்றவற்றைப் பற்றி விரிவாகப் பேச வேண்டியதில்லை. திருபுவனம் பட்டுச் சேலை 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது; அந்தப் பெயரைத் தவறாகப் பயன்படுத்துவது கொள்கைக் குறைபாடு மட்டுமன்று, சட்டப்படி குற்றமும் ஆகும்.

கடைசியாக, ஊழியரிடம் நேர்மையைக் கேட்டுவிட்டு அதற்கு எதிரானதற்கு ஊக்கத்தொகை தருவதைச் சொல்ல வேண்டும். உரக்கடையில் 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றின் விலை 266 ரூபாய் 50 காசு. அதை வாங்க வரும் விவசாயியிடம் அவர் கேட்காத நுண்ணூட்டக் கலவையையோ பூச்சிமருந்தையோ சேர்த்து வாங்கினால்தான் யூரியா கிடைக்கும் என்று சொல்வது பல இடங்களில் எழும் புகார். கவுண்ட்டரில் நிற்கும் ஊழியர் அதைத் தம் விருப்பத்தால் சொல்வதில்லை. அவருடைய மாத ஊக்கத்தொகை எத்தனை புட்டி மருந்து விற்றார் என்பதைப் பொறுத்திருக்கிறது. கடைக்காரருக்கும் மேலேயிருந்து அதே நெருக்கடி வருகிறது. மொத்த விற்பனையாளர் அவரிடமும் அப்படித்தான் சேர்த்துத் தள்ளிவிடுகிறார். ஒற்றைக் கடைக்காரர் எதிர்த்தால் அடுத்த லோடு வராமல் போகலாம் என்பது உண்மையான அச்சம்தான். ஆனால் ஒரே வட்டாரத்தில் உள்ள நான்கைந்து கடைக்காரர்கள் சேர்ந்து எழுத்து மூலம் மறுத்து, அதன் நகலை வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்திலும் கொடுத்தால் நிலைமை வேறாகும். அந்த முயற்சியைத் தொடங்குபவர், அதற்கு முன்பாகத் தம் கடை ஊழியரின் ஊக்கத்தொகையை மருந்து விற்பனையிலிருந்து பிரித்து, நிலையான சம்பளத்தோடு சேர்த்துவிட வேண்டும்.