மலையிறக்கத்தில் கியர் நழுவுகிறதா?

ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது பழைய அம்பாசடரின் இரண்டாவது கியர் தானாக நழுவினால், அடிவாரம் சேர்ந்ததும் கியர் பாக்ஸைப் பிரித்துவிடுங்கள். வடித்த ஆயிலை விரலில் தேய்த்துப் பாருங்கள்: பித்தளைத் தூள் மினுமினுத்தால் சிங்க்ரோ வளையம் (கியர் மாற்றும்போது சுழலும் வேகங்களை ஒன்றாக்கும் பித்தளை வளையம்) தேய்ந்திருக்கிறது, இரும்புச் சில் வந்தால் கியரின் பல்லே போயிருக்கிறது.

சிங்க்ரோவின் நடுப்பகுதியான ஹப்பைத் துணியால் போர்த்திக் கழற்றுங்கள். உள்ளே ஸ்பிரிங் மேல் இருக்கும் குண்டுகள் தெறித்தால் சேலம் முழுக்கத் தேடினாலும் அகப்படாது. புது வளையத்தைக் கியரின் கூம்பில் அழுத்தித் திருப்புங்கள். கவ்விப் பிடிக்க வேண்டும், பல்லுக்கும் வளையத்துக்கும் நடுவே இடைவெளி தெரிய வேண்டும். வளையத்தை மட்டும் மாற்றிக் காசு மிச்சம் பிடிப்பவர்களை எனக்குப் பிடிக்காது. நழுவலுக்குத் தேய்ந்த பல்லும் தளர்ந்த ஸ்பிரிங்கும்தான் பெரும்பாலும் காரணம். பேரிங்கையும் பாருங்கள்.

பழைய மாடலில் முதல் கியருக்குச் சிங்க்ரோ கிடையாது. வண்டி நின்ற பிறகே போடுங்கள். கரகரத்தால் மெக்கானிக்கைத் திட்டாதீர்கள்.