மரங்கள் முடியும் இடத்தில் எடுக்க வேண்டிய முடிவு: ஃப்ராங்கோனியா முகட்டில் பாதுகாப்பாக நடப்பதற்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷைர் மாநிலத்திலும், சிறிதளவு மேய்ன் மாநிலத்திலும் பரந்திருக்கிறது ஒயிட் மவுன்டன் தேசிய வனம். கண்மூடித்தனமான மரவெட்டாலும் காட்டுத்தீயாலும் மொட்டையாகிப்போன மலைச்சரிவுகளை அரசே விலைக்கு வாங்கிக் காப்பதற்கு 1911ஆம் ஆண்டின் வீக்ஸ் சட்டம் வழிசெய்தது. அதன் பயனாக 1918இல் இவ்வனம் உருவானது. இன்று இங்கே ஏறத்தாழ 1,200 மைல் நீளத்துக்கு நடைபாதைகள் உள்ளன. அவற்றுள் மிகுதியானோர் விரும்பி வருவது ஃப்ராங்கோனியா முகட்டுச் சுற்றுப்பாதைக்கு. பாஸ்டனிலிருந்து காலையில் காரில் கிளம்பினால் இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம் என்பதால், அதைப் பூங்காவில் உலாவுவதுபோல் எண்ணி ஆயத்தமில்லாமல் ஏறுவோர் பலர். அந்த எண்ணத்தை முதலில் கைவிட வேண்டும்.

சுற்றின் நீளம் சுமார் 9 மைல். மொத்த ஏற்றம் ஏறக்குறைய 3,900 அடி. ஃபாலிங் வாட்டர்ஸ் பாதை வழியே அருவிகளைக் கடந்து லிட்டில் ஹேஸ்டாக் உச்சிக்கு ஏறி, முகட்டின்மேல் வடக்கு நோக்கி நடந்து, லிங்கன் சிகரத்தையும் 5,200 அடிக்கு மேல் உயர்ந்த லஃபாயெட் சிகரத்தையும் தொட்டு, கிரீன்லீஃப் பாதையிலும் அதைத் தொடர்ந்து ஓல்டு பிரைடில் பாதையிலும் இறங்குவதே சரியான திசை. அருவிப் பாதை செங்குத்தானது, அதன் பாறைகள் எப்போதும் ஈரமாக இருக்கும். அத்தகைய பாறையில் ஏறுவதைவிட, களைத்த கால்களோடு இறங்கும்போதுதான் வழுக்கி விழும் ஆபத்து அதிகம். அந்தப் பாதை ஓடையைப் பலமுறை குறுக்கிட்டுச் செல்வதால், பெருமழைக்கு மறுநாள் அதைத் தவிர்த்துவிடுவது நல்லது.

இந்தச் சுற்றில் மிக முக்கியமான இடம் லிட்டில் ஹேஸ்டாக் என்பதே என் உறுதியான கருத்து. அதுவரை காடு நம்மைக் காற்றிலிருந்து மறைத்திருக்கும். அங்கே மரங்கள் முடிந்துவிடுகின்றன. அங்கிருந்து லஃபாயெட் வரை சுமார் 1.7 மைல் தொலைவுக்கு ஒதுங்க நிழலும் இல்லை, நடுவில் கீழிறங்கப் பாதையும் இல்லை. இடி கேட்டால் முன்னே செல்ல வேண்டும் அல்லது வந்த வழியே திரும்ப வேண்டும். ஆகவே கடைசி மரங்களுக்குள் நின்றபடியே வானத்தைப் பார்த்து முடிவெடுங்கள். மேகம் முகட்டை மூடியிருந்தாலோ, நிற்கவே தடுமாறும் அளவுக்குக் காற்று அடித்தாலோ, இருண்ட மேகங்கள் மேற்கிலிருந்து நெருங்கினாலோ, வந்த வழியே மெதுவாக இறங்கிவிட வேண்டும். உடன் வந்தவர்களுள் ஒருவர் தயங்கினாலும் அதுவே போதிய காரணம்.

வானிலையை அருகிலுள்ள ஊரின் கணிப்பைக் கொண்டு மதிப்பிடக் கூடாது. இதே வனப்பகுதியில் 6,288 அடி உயர்ந்து நிற்கும் வாஷிங்டன் சிகரத்தில், 1934 ஏப்ரல் 12 அன்று மணிக்கு 231 மைல் வேகக் காற்று பதிவானது. அச்சிகரத்தின் வானிலை ஆய்வகம் உயர்ந்த சிகரங்களுக்கென்றே நாள்தோறும் தனிக் கணிப்பு வெளியிடுகிறது. கிளம்பும் காலையில் அதைப் படித்தாக வேண்டும். அடிவாரத்தைவிட முகட்டில் வெப்பநிலை சாதாரணமாகவே ஆறேழு டிகிரி செல்சியஸ் குறைவாக இருக்கும். காற்றும் ஈரமும் சேர்ந்தால் ஜூலையிலும் உடல்வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். நடுக்கம், நாக்குழறல், கால் தடுமாற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடந்து உடல்சூட்டைப் பறித்துவிடும். எனவே கம்பளி அல்லது செயற்கை இழை ஆடை, காற்றும் மழையும் புகாத மேலுடை, தொப்பி, கையுறை ஆகியவற்றைக் கோடையிலும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். புளிசாதம் கட்டிக்கொண்டு போவது நம் வழக்கம்; ஆனால் குளிர்காற்றில் உட்கார்ந்து டப்பாவைத் திறக்க இயலாது என்பதால், நடந்துகொண்டே சாப்பிடக் கடலை மிட்டாயும் பேரீச்சையும் சட்டைப்பையில் இருக்கட்டும்.

நேரத்தைக் கணக்கிட இங்கே ஒரு வழக்கம் உண்டு: மைலுக்கு அரை மணி, ஆயிரம் அடி ஏற்றத்துக்கு மேலும் அரை மணி. இந்தச் சுற்றுக்கு அது ஆறரை மணி நேரம் ஆகிறது. ஓய்வையும் சேர்த்தால் எட்டு மணி நேரம். அக்டோபர் நடுவில் மாலை ஆறு மணியளவில் சூரியன் மறைவதால், இலைகள் நிறம் மாறும் அந்தப் பருவத்தில் காலை எட்டு மணிக்குள் நடக்கத் தொடங்குங்கள். தலைவிளக்கு கட்டாயம். கைபேசி வெளிச்சம் அதற்கு மாற்றாகாது. குளிரில் மின்கலம் விரைவாகத் தீர்ந்துவிடும், உதவிக்கு 911ஐ அழைக்கவும் அதே கைபேசிதான் வேண்டும். பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. ஆகவே அச்சிட்ட வரைபடத்தையும் எடுத்துச் செல்லுங்கள். எந்தப் பாதையில் போகிறீர்கள், எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவையுங்கள்.

கவனக்குறைவால் சிக்கியவரிடமிருந்து மீட்புச் செலவை வசூலிக்க நியூ ஹாம்ப்ஷைர் சட்டம் இடமளிக்கிறது. மாநில அரசின் ‘ஹைக் சேஃப்’ அட்டை வாங்கியவர்களுக்குக் கவனக்குறைவுக்கான அந்தப் பொறுப்பிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் துணிந்து செய்த அசட்டுத்தனத்துக்கு அது பொருந்தாது.

கருங்கரடிகளும் மூஸ் மான்களும் இங்கே வாழ்கின்றன. உணவை மூடிவைத்து, விலகி நின்றால் போதும். அவற்றைவிட உண்ணிகளே கவலைக்குரியவை. லைம் என்னும் தொற்றுநோயைப் பரப்புபவை என்பதால், வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பையும் அக்குளையும் தலைமுடியையும் தேடிப் பாருங்கள்.

முகட்டில், கிழக்கு அமெரிக்காவின் பல மாநிலங்களைக் கடந்து செல்லும் அப்பலாச்சியன் நெடும்பாதையின் வெள்ளை வண்ணக்குறிகள் பாறைகளின்மேல் தீட்டப்பட்டுள்ளன. மூடுபனியில் கற்குவியல்களும் வழிகாட்டும். பாதையின் இருபுறமும் சிறுகற்களை வரிசையாக அடுக்கியிருந்தால் அதற்கு வெளியே ஓர் அடியும் வைக்காதீர்கள். ராபின்ஸ் சின்க்ஃபாய்ல் என்னும் மஞ்சள் பூப்பூக்கும் சின்னஞ்சிறு செடி ஒயிட் மவுன்டன் மலைகளில் மட்டுமே வளர்வது. காலணிகளின் மிதியால் அழியும் நிலைக்குப் போன அது, நடைபாதையை இடம் மாற்றி, நாற்றுகளை நட்டுப் பேணிய பிறகு 2002இல் அருகிவரும் இனங்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. படம் எடுக்க நினைப்பவர்கள் பாதையிலுள்ள வெறும் பாறையின்மேல் நின்றே எடுக்கலாம்.