எரிவாயுக் குழாய் எட்டாத விடுமுறைக் குடிலுக்குச் சூடும் வெந்நீரும்

எரிவாயுக் குழாய் வராத இடத்தில் சிறு குடில் ஒன்றைக் கட்டி விருந்தினருக்கு வாடகைக்கு விட எண்ணுபவர்கள் முதலில் கேட்பது, அறையை எதைக் கொண்டு சூடாக்கலாம் என்பதுதான். வெந்நீரை முதலில் முடிவு செய்துவிட்டு அறைக்குப் பிறகு வருவதே சரி என்பது என் கருத்து. அதற்கான காரணம் ஒரு சிறு கணக்கில் விளங்கிவிடும்.

6 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் கொண்ட, சுவர், கூரை, தரை மூன்றிலும் நல்ல வெப்பக் காப்பும் இரட்டைக் கண்ணாடி ஜன்னல்களும் உள்ள ஒரு குடிலை எடுத்துக்கொள்வோம். வெளியே மைனஸ் 5 டிகிரி செல்சியஸ் இருக்கும் இரவில் உள்ளே 20 டிகிரியை நிலைநிறுத்த அதற்கு ஏறக்குறைய 1.6 கிலோவாட் போதும். முடி உலர்த்தும் கருவி ஒன்று இழுக்கும் அளவுதான் அது. அதே குடிலில், 10 டிகிரியில் வரும் தண்ணீரை 40 டிகிரிக்கு ஏற்றி நிமிடத்துக்கு 8 லிட்டர் வீதம் ஷவரில் விட வேண்டுமானால், அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டும் சுமார் 17 கிலோவாட் வேண்டும். அறை கேட்பதைப் போல் பத்து மடங்கைக் குளியல் கேட்கிறது. குடிலுக்கு எவ்வளவு மின் இணைப்பு வேண்டும், சிலிண்டர் வைக்க இடம் விட வேண்டுமா என்பதையெல்லாம் இந்தப் பத்து மடங்குதான் தீர்மானிக்கிறது. காப்பு இல்லாத பழைய மரக்குடிலாக இருந்தால் அறையின் தேவை மூன்று மடங்காகக்கூட உயரலாம். அங்கே பெரிய ஹீட்டர் வாங்கும் பணத்தை முதலில் கூரைக்கும் தரைக்கும் செலவிடுவதே புத்திசாலித்தனம்.

வெந்நீருக்கு இரண்டு வழிகள் உண்டு: முன்கூட்டியே காய்ச்சித் தொட்டியில் வைத்திருப்பது, அல்லது குழாயைத் திறந்த கணமே காய்ச்சுவது. மின்சாரத்தில் இயங்கும் உடனடி ஹீட்டர் சுவரில் சிறிதாக அடங்கிவிடுவதால் பலரும் அதை நாடுகிறார்கள். ஆனால் 9 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 39 ஆம்பியர் இழுத்தும், மேற்சொன்ன குளிர்ந்த தண்ணீரிலிருந்து நிமிடத்துக்கு 4.3 லிட்டர்தான் தரும். விடுமுறைக்கு வந்தவர் அந்தச் சன்னமான நீரின் கீழ் நடுங்கிக்கொண்டு நிற்பதை விரும்பமாட்டார். யாராவது அந்த நேரத்தில் மின் அடுப்பையும் போட்டால், இணைப்பு சிறியதாக இருக்கும் இடங்களில் மொத்தக் குடிலும் இருட்டாகிவிடும்.

எனவே மின்சாரம் மட்டுமே உள்ள குடிலுக்கு நான் பரிந்துரைப்பது தொட்டி வகைக் கீசர். நான்கு பேர் ஆளுக்கு எட்டு நிமிடம், நிமிடத்துக்கு 8 லிட்டர் வீதம் குளித்தால் 40 டிகிரி வெந்நீர் 256 லிட்டர் செலவாகும். தொட்டியில் 60 டிகிரியில் உள்ள நீரைத் தண்ணீரோடு விளாவிப் பயன்படுத்துவதால் அதற்கு சுமார் 155 லிட்டர் தொட்டி போதும். நிமிடத்துக்கு 6 லிட்டர் விடும் ஷவர்த் தலையைப் பொருத்தினால் இது 115 லிட்டராகக் குறைந்துவிடுகிறது. ஒரு ஷவர்த் தலையின் விலையில் தொட்டியின் கால் பங்கு மிச்சம் என்பதால், தொட்டியின் அளவை முடிவு செய்யும் முன் ஷவரை முடிவு செய்துவிடுங்கள். 155 லிட்டரையும் 10 டிகிரியிலிருந்து காய்ச்ச 9 யூனிட் மின்சாரமும், 3 கிலோவாட் ஹீட்டருக்கு மூன்று மணி நேரமும் ஆகும். ஆதலால் ஒரு குழு காலையில் கிளம்பி மாலையில் அடுத்த குழு வருமுன் தொட்டி தாராளமாக நிரம்பிக் காய்ந்துவிடும்.

தொட்டியின் வெப்பநிலையை 60 டிகிரிக்குக் கீழே வைத்து மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஆசை எழும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. 20 முதல் 45 டிகிரி வரையிலான தேங்கிய நீரில், கடும் நிமோனியாவை உண்டாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா பெருகும். நாள்கணக்கில் பூட்டிக் கிடக்கும் குடில் அதற்கு வாகான இடம். நெடுநாள் கழித்துத் திறக்கும்போது தொட்டியை முழுச் சூட்டுக்குக் கொண்டுவந்து, எல்லாக் குழாய்களையும் சில நிமிடம் நீர்த்திவலை தெறிக்காமல் ஓடவிட வேண்டும். 60 டிகிரி நீர் சில நொடிகளில் தோலை வேகவைத்துவிடும் என்பதால், ஷவருக்கு முன்னால் சூட்டைக் கட்டுப்படுத்தும் கலப்பு வால்வு கட்டாயம் வேண்டும்.

மின் இணைப்பு பலவீனமாக இருந்தாலோ, பேட்டரியையும் சூரியத் தகட்டையும் மட்டும் நம்பியிருந்தாலோ, வெந்நீருக்குச் சிலிண்டர்தான் கைகொடுக்கும். மேற்சொன்ன நான்கு குளியலுக்கு 0.8 கிலோ அளவில் எரிவாயு செலவாகும். ஆக, 10 கிலோ சிலிண்டர் ஏறத்தாழ 12 நாள் வரும். குளிர்ப் பகுதியில் புரொப்பேன் சிலிண்டரையே கேட்டு வாங்குங்கள். சிலிண்டர்களில் வரும் மற்றொரு வாயுவான பியூட்டேன் 0 டிகிரியை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். அப்படியும் சிறு சிலிண்டர் ஒன்றே ஒன்றிலிருந்து வேகமாக இழுத்தால் அதன் மேல் உறைபனி படர்ந்து அழுத்தம் விழும். இரண்டு சிலிண்டர்களையும், ஒன்று தீர்ந்தால் மற்றொன்றுக்குத் தானே மாறும் ரெகுலேட்டரையும் வைப்பது, நள்ளிரவுத் தொலைபேசி அழைப்புகளிலிருந்து உங்களைக் காப்பாற்றும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது என்பதால் சிலிண்டர்கள் வெளியே, பள்ளமோ வடிகாலோ அருகில் இல்லாத இடத்தில், நிமிர்ந்தபடி நிற்க வேண்டும். காற்றையும் புகையையும் வெளியோடு மட்டுமே பரிமாறிக்கொள்ளும் மூடிய வகை எரிவாயுக் கீசரைத் தவிர வேறெந்த எரிவாயுக் கீசரையும் குடிலுக்குள் அனுமதிக்காதீர்கள்.

இனி அறைக்கு வரலாம். ஆண்டு முழுவதும் விருந்தினர் வரும் குடிலானால், குளிரையும் சூட்டையும் தரும் ஸ்பிளிட் ஏசி வகை ஹீட் பம்ப் சிறந்தது. அது வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை உறிஞ்சி உள்ளே கொண்டுவருவதால், மிதமான குளிரில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவுக்கு வெப்பம் தரும், குளிர் ஏற ஏற அந்த விகிதம் இறங்கும். படுக்கைக்கு நேர் பின்னால் வெளி யூனிட்டை மாட்டிவிட வேண்டாம். எப்போதாவது வார இறுதிகளில் மட்டும் திறக்கும் குடிலுக்கு அந்த முதலீடு திரும்பி வராது. தெர்மோஸ்டாட் உள்ள சாதாரண மின் பேனல் ஹீட்டர்களே போதும். கனத்த தரைக்கு அடியில் குழாய் பதிக்கும் முறை பலமணி நேரம் கழித்தே சூடேறும் என்பதால், வெள்ளி மாலை வந்து ஞாயிறு கிளம்புகிறவர்களுக்கு அது பொருந்தாது. ஹீட் பம்ப் பொருத்திய வெந்நீர்த் தொட்டியை அறைக்குள் வைத்தால் அறையின் சூட்டையே அது உறிஞ்சும். சிறு குடிலில் அது ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கும் வேலை.

விறகுக் கணப்பின் அழகுக்காகவே குடிலைத் தேடி வருபவர்கள் உண்டு, அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் 1.6 கிலோவாட் போதுமான குடிலில் 5 கிலோவாட் அடுப்பை எரித்தால் வெக்கை தாங்காமல் விருந்தினர் அடுப்பின் காற்று வழியை அடைத்துவிடுவார்கள். மூச்சுத் திணறும் நெருப்பு புகைபோக்கியில் தார் படியவைக்கும், ஒருநாள் அந்தத் தாரே தீப்பிடிக்கும். கிடைப்பதில் மிகச் சிறிய அடுப்பும், 20 சதவீதத்துக்குக் குறைவான ஈரமுள்ள விறகும், கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும், சாம்பலுக்கு மூடியுள்ள உலோக வாளியும் இல்லாமல் கணப்பு வைக்க வேண்டாம். சமையலறை மின்விசிறி காற்றை வெளியே இழுக்கும்போது கணப்பின் புகை அறைக்குள் திரும்புகிறதா என்பதையும் சோதித்துப் பாருங்கள்.

பூட்டிக் கிடக்கும் நாட்களில் உறைபனி இருக்குமானால், ஹீட்டரை 7 டிகிரி அளவில் விட்டுவைக்க வேண்டும், அல்லது குழாய்களிலிருந்து தண்ணீரை முற்றிலும் வடித்துவிட வேண்டும். உறையும் நீர் 9 சதவீதம் விரிந்து குழாயைப் பிளக்கும். குடிலின் மிகத் தாழ்ந்த முனையில் வடிகுழாய் ஒன்றைக் கட்டும்போதே வைத்துவிட்டால் இது பத்து நிமிட வேலை.

எல்லாம் பொருத்தி முடிந்ததும், முதல் விருந்தினருக்கு முன்பாக, கிடைக்கும் மிகக் குளிரான இரவில் நீங்களே நான்கு பேராகப் போய்த் தங்குங்கள். ஒருவர் பின் ஒருவராகக் குளித்து, அடுப்பையும் கெட்டிலையும் ஹீட்டரையும் ஒரே நேரத்தில் போட்டு, நான்காவது ஆளுக்கும் வெந்நீர் வந்ததா, ஃபியூஸ் தாங்கியதா என்று குறித்துக்கொள்ளுங்கள்.